லாகூர் சிங்கம் கோதாவில் இறங்க மறுத்த வெள்ளிக்கிழமை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டுவிட்டேன். ஆம்பூரில் அன்று நடந்தது பத்திரிகையில் ஒரு விதமாக வந்துவிட்டது. நடந்ததோ வேறு விதம். அச்சில் ஏறிவிட்ட சங்கதியை மறுத்துப் பேச நான் யார்? நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். பேனாவை எடுப்பேன், பெருமாளைக் கும்பிடுவேன், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மூடி வைத்துவிடுவேன். போன மாசம் என் சம்சாரம்தான், "ஊரெல்லாம் கூவிக் கூவிப் பொய்ய வித்தப்ப ஒரு ரோசனையும் இல்ல. நெஜத்தச் சொல்றதுக்கு இன்னா இவ்ளோ ரோசன?" என்று கேட்டாள். அன்றே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பந்தயத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, நான் குஸ்திக் கம்பெனியில் முன்னால் போகிற ஆளாக இருந்தவன். கம்பெனி வருவதற்கு முன்பே ரயிலேறி ஊருக்குப் போவேன். நோட்டீஸ் எழுதி அச்சுக்குக் கொடுப்பேன். ஜட்கா வண்டியில் தப்பட்டைக்காரரோடு உட்கார்ந்து வீதி வீதியாகத் தகரக் குழலில் கூவுவேன். பந்தயத்தன்று கோதா ஓரத்தில் நின்று பயில்வான்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதும் நானேதான். உங்களுக்கு இப்போது மின்சாரக் குழல் வந்துவிட்டது. தொண்டைக்கு நல்லது. புத்திக்கு நல்லதா என்று தெரியவில்லை. தகரக் குழலை வாயிலிருந்து எடுத்தால் கொஞ்ச நேரம் யோசிக்கலாம்.

எங்கள் முதலாளி வேலூர்க்காரர். கம்பெனி ஆரம்பிப்பதற்கு முன்னால் தோல் ஷாப்புகளுக்கு ஆவாரம்பட்டை சப்ளை செய்துகொண்டிருந்தவர். தோல் பதனிட அந்தப் பட்டை இல்லாமல் ஆகாது. ஆகையால் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் அவரைத் தெரியாத ஷாப்பு கிடையாது. தங்கமான மனுஷர், ஆனால் பயந்த சுபாவம். பயம் வந்தால் கத்துவார். எப்போதும் கத்திக்கொண்டேயிருப்பார்.

அவருக்கு ஒரு கொள்கை உண்டு. எவ்வளவு தூரத்து ஊர்க்காரனோ அவ்வளவு கூட்டம் வரும். பக்கத்து ஊர்க்காரனைப் பார்க்க எவன் டிக்கெட் வாங்குவான்? ஆகவே எங்கள் கம்பெனியில் பக்கத்து ஊர்க்காரனே கிடையாது. லாகூர் சிங்கம் இருந்தார், ரங்கூன் புலி இருந்தார், ரஷ்யக் கரடி இருந்தார். இவர்களில் லாகூர் சிங்கம் என்பவர் குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற வீட்டுப் பிள்ளை, பேர் ஏகாம்பரம். ரங்கூன் புலி வாணியம்பாடிக் கரீம். ரஷ்யக் கரடி ஜோலார்பேட்டையில் இன்ஜினுக்குக் கரி தள்ளிக்கொண்டிருந்த சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ இந்தியர், டாமி. ரஷ்யாவைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே குளிரும் என்பதுதான்.

ஏகாம்பரத்துக்குக் கோந்து போட்டு ஒட்டிய தாடி. ஜனங்கள் முன்னால் வாயைத் திறக்கக் கூடாது என்பது உத்தரவு. மதுரையில் ஒரு தடவை வேர்வையில் கோந்து இளகி, பாதித் தாடி கரீமின் தோளோடு போய்விட்டது. பந்தல் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நான் குழலை எடுத்து, "சிங்கத்தின் பிடரியைப் புலி பிடுங்கிவிட்டது" என்று கூவினேன். அதற்கு விழுந்த கைதட்டலில் முதலாளி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அன்றைக்கு என்னைப் போல் கெட்டிக்காரன் இல்லை என்று நினைத்தேன். தம்பிகளே, வாய் சாமர்த்தியத்தில் ஒரு ஆபத்து உண்டு. அது ஒரு தடவை பலித்துவிட்டால் எல்லாத் தடவையும் அதையே நம்பத் தோன்றும்.

ஒரு வழக்கத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பந்தயத்துக்கு முன்னால் பயில்வான்கள் இரண்டு பேரும் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு கோதாவின் இரண்டு ஓரத்திலும் உட்கார்ந்திருப்பார்கள். பாலாற்று மண்ணில் எண்ணெயும் மஞ்சளும் மோரும் கலந்து பிசைந்த களம் அது. எங்களுக்குக் கோயில் மாதிரி. கூப்பிடுகிறவன் ஊரையும் அப்பன் பேரையும் சொல்லி, அப்புறம் ஆளின் பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அதற்கப்புறம்தான் போர்வையை எறிந்துவிட்டு இறங்கி, மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொள்வார்கள். கூப்பிடாமல் இறங்கக் கூடாது. மூன்று முறை கூப்பிட்டும் இறங்காதவன் தோற்றவன். பந்தயம் ரத்து, டிக்கெட் காசு வாபஸ். அப்பன் பேரைச் சொல்லாமல் ஒருவனைச் சபையில் கூப்பிடுவதோ, அடிப்பதைவிடப் பெரிய அவமானம்.

ஆகவே லாகூர் சிங்கத்துக்கு ஒரு லாகூர் அப்பனும் வேண்டியிருந்தது. அதையும் நான்தான் உண்டுபண்ணினேன். ஊருக்கு ஊர் வாய்க்கு வந்த பேர். காலையில் குளித்து நாமம் போட்டுப் பெருமாள் நாமத்தைச் சொல்லும் வாய், சாயந்திரம் இன்னொருவன் பிள்ளைக்கு ஊர்பேர் தெரியாத அப்பனைச் சொல்லும். ஏகாம்பரம் ஆட்சேபித்ததேயில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அவன் தறியை விட்டுக் குஸ்திக்குக் கிளம்பியபோது அவனுடைய அப்பா முனுசாமி, "போறதுன்னா போ. ஆனா எங்கயும் எம்பேரச் சொல்லாத" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அவனுக்கு என் லாகூர் அப்பன் ஒரு சௌகரியம்.

இதனால் எங்கள் கம்பெனி குடியாத்தத்தைச் சுற்றி எங்கும் பந்தயம் போட்டதில்லை. திருச்சி, மதுரை, சேலம் என்று சுற்றுவோம். ஜெர்மன் சண்டை முடிந்து கொஞ்ச வருஷம் ஆகியிருந்தது. ஆம்பூரில் தோல் வியாபாரம் நன்றாக நடக்கிறது, ஜனங்கள் கையில் காசு புழங்குகிறது என்று யாரோ முதலாளியிடம் சொல்லிவிட்டார்கள். "வெள்ளிக்கெழம ஷாப்பு லீவு. பெரிய தொழுக முடிஞ்சதும் ஆரம்பிச்சா, சாயங்காலத் தொழுகைக்குள்ள முடிச்சுடலாம். ஊரே வரும்" என்றார். "குடியாத்தம் பக்கத்துல இருக்குதே" என்று இழுத்தேன். "தாடி ஒட்டிக்கீறானே, அது எதுக்கு?" என்றார். குடியாத்தத்தில் ரயிலேறி ஒரு வெற்றிலை போட்டு மெல்லுவதற்குள் ஆம்பூர் வந்துவிடும். தாடியை நம்பி ரயிலை மறந்தோம்.

வியாழக்கிழமை சாயந்திரம், தாடி இல்லாமல், ஏகாம்பரம் கடைவீதியில் டீ குடிக்கப் போயிருக்கிறான். குடியாத்தத்திலிருந்து லுங்கி விற்க வந்த ஒருவர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

"ஏகாம்பரந்தானே?"

"இல்லீங்க."

"இல்லன்னா போவட்டும். உங்க நைனா நாளைக்கி குஸ்தி பாக்க வர்றாரு. லாகூர்லருந்து வந்த ஆளு நம்ம ஊட்டுப் புள்ள சாடையாவே கீறானாம்னு சேலத்துல பாத்துட்டு வந்து எவனோ சொல்லிட்டான். அன்னிக்கிலருந்து மனுசனுக்குத் தூக்கமில்ல."

பையன் டீயை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலையில் முதலாளி தங்கியிருந்த சத்திரத்து அறையில் எல்லோரும் கூடினோம். ஏகாம்பரம் சுவரைப் பார்த்து நின்றான். அவனுக்காகக் கரீம் பேசினார். கரீமுக்கு வாயும் பெரிசு, மனசும் பெரிசு.

"மொதலாளி, நாங்க ஹர்த்தால் பண்றோம்."

"இன்னாது?"

"ஹர்த்தால். எறங்க மாட்டோம்."

முதலாளி மடியிலிருந்த சாவியை எடுத்தார். "எவ்ளோ ஜாஸ்தி வேணும்? சொல்லித் தொலைங்க."

"காசு கேக்கல. பேரு கேக்குறோம். இன்னிக்கி இவன ஏகாம்பரம்னு கூப்பிடணும், என்னக் கரீம்னு கூப்பிடணும். அப்பறம், இன்னிக்கி நெஜக் குஸ்தி. யாரு ஜெயிக்கிறானோ ஜெயிக்கட்டும்."

இங்கே உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். யார் ஜெயிப்பது என்பது எங்கள் கம்பெனியில் முன்னாலேயே பேசி வைக்கப்பட்டதுதான். அன்றைக்குச் சிங்கத்தின் முறை. நாங்கள் கூடுவதற்கு முன்பே, சென்னையிலிருந்து வந்திருந்த பத்திரிகைக்காரர் ஒருவர், சாயந்திரம் வரை உட்கார்ந்திருக்க முடியாது, மதிய ரயிலைப் பிடிக்க வேண்டும் என்றார். முதலாளி அவரைத் தனியாக அழைத்துப் போய், நடக்கப்போவதையெல்லாம் சொல்லி எழுத வைத்திருந்தார். "சிங்கம் கர்ஜித்தது" என்பது வரை ஆகியிருந்தது.

முதலாளி சாவியைத் திரும்ப மடியில் செருகினார். "காசு கேட்டா குடுத்துடலாம். பேரு கேட்டா நான் எங்க போறது? சிங்கம்னு போட்டு டிக்கெட்டு வித்தாச்சு. தரை டிக்கெட்டு பூரா தோல் ஷாப்பு ஆளுங்க. ஏமாத்திட்டான்னு தெரிஞ்சா என்னயே தோலோட தோலா சுண்ணாம்புத் தொட்டில போட்டு ஊற வெச்சுடுவாங்க. ஏகாம்பரம்னா எவன் வருவான்? அவன் மாமியாதான் வருவா."

"கல்யாணமே ஆவல மொதலாளி" என்றான் ஏகாம்பரம், சுவரைப் பார்த்தபடியே.

"அப்ப அவளும் வர மாட்டா."

டாமி உட்பட எல்லோரும் சிரித்துவிட்டோம். ஏகாம்பரம் மட்டும் சிரிக்கவில்லை. என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னான்: "அண்ணே, எங்க நைனா பேரச் சொல்லச் சொல்லல. அவுரு வாணாம்னுட்டாரு. ஆனா அவுரு எதிர்ல வேற ஒருத்தன என் அப்பன்னு நீ சொன்னா, என்னால எந்திரிக்க முடியாது. கால் வராது அண்ணே."

நான் முதலாளியைப் பார்த்தேன். "யோவ், நீ வழக்கம்போல லாகூர்னே கூவு. பழக்கத்துல எறங்கிடுவான்" என்றார். முதலாளி சொன்னதைச் செய்தே பழகியவன் நான். அப்படியே ஆகட்டும் என்றேன்.

மதியம் பெரிய தொழுகை முடிந்தது. பந்தல் அடைத்துக்கொண்டது. முன்னால் நாற்காலியில் ஷாப்பு முதலாளிகள், அத்தர் வாசனை. பெஞ்சில் கடைக்காரர்கள். தரையில் பட்டைச் சாறு ஏறிச் சிவந்த கைகளோடு ஷாப்பு வேலைக்காரர்கள், கடலைப் பொட்டலத்தோடு, குழந்தைகளோடு. கயிற்றுக்குப் பக்கத்தில், கக்கத்தில் லுங்கி மூட்டையை இடுக்கிக்கொண்டு ஒல்லியாக ஒருவர் உட்கார்ந்தார். யாரையும் பார்க்கவில்லை. சிங்கத்தின் போர்வையை மட்டும் பார்த்தார். இவர்தான் முனுசாமி என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

டாமியின் சின்னப் பந்தயம் முதலில் முடிந்தது. அடுத்தது பெரிய பந்தயம். நான் குழலை எடுத்தேன்.

"லாகூர் பட்டணம், மகா பயில்வான் பகதூர் சிங்கின் திருக்குமாரன், லாகூர் சிங்கம்."

போர்வை அசையவில்லை.

சரி, புலியையாவது கூப்பிடுவோம் என்று திரும்பி, ஒரு ரங்கூன் அப்பனையும் சேர்த்து, "ரங்கூன் புலி" என்றேன். கரீம் போர்வைக்குள்ளிருந்து கையை மட்டும் வெளியே நீட்டி, இல்லை என்று ஆட்டினார்.

தரையிலிருந்து ஒருவன், "சிங்கம் தூங்குதாபா?" என்றான்.

"புலி மட்டும் முழிச்சிக்கினு கீதா?"

"ரெண்டுக்கும் பசி போல. ஒரு ஆட்ட அவுத்து உள்ள உடு."

பந்தல் சிரிப்பில் ஆடியது. இரண்டாவது முறை, அப்பன் பேரை விழுங்கிவிட்டு, "லாகூர் சிங்கம்" என்று மட்டும் கூப்பிட்டேன். அதற்கும் அசைவில்லை. முதலாளி கயிற்றுக்கு அடியில் குனிந்து வந்து என் வேட்டியைப் பிடித்து இழுத்தார். "இன்னொருக்கா அதையே கூவு. எறங்கலன்னா நான் ஓடிடறேன், நீ பாத்துக்க."

அந்த மாதிரி நேரத்தில் காலம் என்னவோ ஆகிவிடும், தம்பிகளே. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் சாயங்காலத் தொழுகைக்குப் பாதிப் பந்தல் எழுந்து போய்விடும். மூன்றாவது கூப்பாடு தவறினால் பந்தயம் போச்சு. லாகூர் என்று கூப்பிட்டால் பையன் எழுந்திருக்க மாட்டான். அப்பன் பேரே இல்லாமல் ஏகாம்பரம் என்றால், பெற்றவர் எதிரிலேயே அவனை ஊர்பேர் இல்லாதவன் ஆக்குகிறேன். முனுசாமி மகன் என்றால், அவர் வேண்டாமென்று தடுத்து வைத்ததை நான் உடைக்கிறேன். மதுரையில் சொன்னது போல ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாமா என்றும் ஒரு நிமிஷம் நாக்கு துறுதுறுத்தது. பள்ளிகொண்டா எங்கள் ஊர். எங்கள் ரங்கநாதரை நினைத்துக்கொண்டேன். படுத்திருந்தாலும் காது கொடுப்பவர் அவர்.

அதற்குள் தரை டிக்கெட்டிலிருந்து, கை முழங்கை வரை பட்டைச் சாயம் ஏறிய ஒருவர் எழுந்தார்.

"கூவுற அண்ணே, இன்னாதான் நடக்குது? மறைக்காம சொல்லு."

குழலைக் கீழே தாழ்த்தி, சொந்தக் குரலில் சொன்னேன். "ஹர்த்தால்."

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். சுண்ணாம்புத் தொட்டி அவர் கண்ணுக்குள் வந்திருக்கும்.

"கூலிக்கா?"

"இல்ல. சொந்தப் பேர்ல கூப்பிடணுமாம்."

அவர் திரும்பிப் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தார். "கூலிக்கு ஹர்த்தால் பாத்துக்கீறேன். பேருக்கு இப்பத்தான் பாக்குறேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "அவன் பேர அவனுக்குக் குடுக்குறதுல இன்னா பேஜாரு? உங்க மொதலாளிக்கு எதாவது கொறஞ்சிடுமா?"

"குடுத்துடு, குடுத்துடு" என்று பின்னாலிருந்து குரல்கள். ஒரு அம்மா, "பெத்தவங்க வெச்ச பேர உட்டுட்டு இன்னா சிங்கம் புலி" என்று சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. முதலாளி ஒரு கண்ணைத் திறந்தார்.

இந்த ஒரு விஷயத்தை நெஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் என்றால் பந்தலைப் பிய்க்கும் என்றுதான் நாங்கள் எப்போதும் பயந்திருந்தோம். அது உழைக்கிற ஜனங்களின் கூட்டம் என்பது எங்களுக்கு மறந்துபோயிருந்தது. வேலை செய்கிறவன் ஒன்று கேட்டு உட்கார்ந்தால், அது என்ன என்று இவர்கள் முதலில் விசாரிப்பார்கள். நிஜத்தைச் சொல்லிப் பாருங்கள். பொய்க்கு எவ்வளவு வாய் வேண்டுமோ, அதில் பாதி கூட நிஜத்துக்கு வேண்டாம்.

ஆனால் அப்பன் பேர் இன்னும் மீதி இருந்தது. அதைக் கொடுக்கக் கூட்டத்துக்கும் உரிமையில்லை, எனக்கும் இல்லை. கோதா மண்ணைத் தொட்டுக் கும்பிட்டு, குறுக்கே நடந்து அந்தக் கயிற்றோரத்துக்குப் போனேன்.

"ஐயா குடியாத்தமா?"

"ஆமா. அதுக்கின்னா?"

"அந்தப் போர்வைக்குள்ள இருக்கிற பிள்ளைய எப்படிக் கூப்பிடறதுன்னு எனக்குத் தெரியல. நீங்க சொல்லணும்."

"நான் குஸ்தி பாக்க வந்தவன். என்ன ஏன் கேக்குற?" என்றார். பிறகு, "லாகூர்னு நோட்டீஸ்ல எழுதிக்கீதே?" என்றார்.

"எழுதினது நான்தான்."

"லாகூர்ல இப்பிடித்தான் கால ஆட்டுவாங்களா?"

திரும்பிப் பார்த்தேன். போர்வைக்கு வெளியே ஏகாம்பரத்தின் பாதங்கள் தெரிந்தன. ஒன்று மாற்றி ஒன்று மண்ணை அழுத்திக்கொண்டிருந்தன, தறியில் மிதிகட்டையை மிதிப்பது போல.

"பயம் வந்தா அவனுக்குக் கால் நிக்காது" என்றார். அவர் கண் அங்கிருந்து எடுபடவில்லை. "இத்தினி வருசத்துல எங்கனா எம்பேரச் சொன்னானா?"

"ஒரு தடவை கூடச் சொன்னதில்லைங்க. நீங்க வேணாம்னு சொன்னீங்களாம். வேற ஒருத்தரை அவன் அப்பான்னு உங்க எதிர்ல சொல்லிடாதீங்கன்னுதான் இன்னிக்கி உட்கார்ந்திருக்கிறான்."

அவர் லுங்கி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டார். அதன் முடிச்சை ஒரு முறை அவிழ்த்தார், மறுபடி போட்டார். பந்தல் மொத்தமும் எங்களைத்தான் பார்த்தது.

"தறில ஒக்காருடான்னு தலபாடா அடிச்சிக்கினேன், கேக்கல. பொண்ணு பாத்து வெச்சிக்கீறேன்னேன், கேக்கல. எண்ண தேச்சிக் குளிடான்னாகூடக் கேக்க மாட்டான். இத்த மட்டும் கேட்டுக்கினானா கழுத."

கையை நீட்டினார். குழலைக் கொடுத்தேன். வாழ்க்கையில் அதுவரை பிடித்ததில்லை போலிருக்கிறது. குழலின் அகன்ற வாயைத் தன் வாயில் வைத்துக்கொண்டார். முகம் பாதி உள்ளே போய்விட்டது. ஜனங்கள் சிரித்தார்கள். நான் குறுகிய முனை அவர் பக்கம் வரும்படி திருப்பிப் பிடித்துக் கொடுத்தேன். எழுந்து நின்றார்.

"டேய் ஏகாம்பரம். குடியாத்தம் முனுசாமி மவனே. எறங்குடா."

போர்வை எங்கே போய் விழுந்தது என்று எனக்குத் தெரியாது. தாடியில்லாத முகத்தோடு பையன் கோதாவில் இறங்கி, மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்து, அப்படியே அப்பாவுக்கு நேராக விழுந்து கும்பிட்டான். நான் பல ஊர்ப் பந்தல்களில் கைதட்டல் கேட்டவன். அன்று கேட்டதற்குக் கைதட்டல் என்று பேர் சொல்ல முடியாது. தென்னங்கீற்றெல்லாம் தூசி கொட்டியது. நாற்காலியில் இருந்த ஒரு பெரிய ஷாப்பு முதலாளி தன் அத்தர்க் குப்பியைப் பக்கத்தில் இருந்தவர் மேல் கவிழ்த்துவிட்டார். அவரும் கவனிக்கவில்லை.

கரீம் போர்வையை விலக்கி, "அண்ணே, எனக்கும் அப்பாஜான் இருக்காரு. ஹபீப் சாயபு மகன். சத்தமாச் சொல்லு" என்றார். முனுசாமி குழலைத் திருப்பிக் கொடுக்கவில்லை. வெறும் தொண்டையில்தான் கூப்பிட்டேன். கரீம் இறங்கினார். அதற்குள் தன் பந்தயம் முடித்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்த டாமி ஓடி வந்தார். "என் பேரு டாமி, மேன். ஜோலார்பேட்டை. அதையும் சொல்லு." சொன்னேன். கரடி கோதாவைச் சுற்றி ஒரு நடனம் ஆடிவிட்டுப் போனது. முதலாளி இரண்டு கண்ணையும் திறந்து, "நான் பட்டை வியாபாரம் பண்ணவன்தாங்க. எல்லாருக்கும் தெரியுமே" என்று யாரும் கேட்காமலே ஒப்புக்கொண்டார்.

பிறகு குஸ்தி. முதல் தடவையாக அந்த இரண்டு பேரும் பேசி வைக்காமல் பிடித்தார்கள். கழுத்தில் கை போட்டார்கள், தள்ளினார்கள். கரீம் இடுப்புக்குக் குனிந்தார். பிடியை உடைக்க ஏகாம்பரத்துக்கு நன்றாகத் தெரியும். நானே ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த நேரம் பார்த்து, நைனா பார்க்கிறாரா என்று பையன் தலையைத் திருப்பினான். கரீம் தூக்கிப் போட்டார். முதுகு முழுக்க மண்ணில் பட்டது. ஒரு மிடறு தண்ணீர் குடிக்கிற நேரம்தான் ஆகியிருக்கும்.

ஜெயித்த கரீம்தான் பதறினார்.

"அரே தோஸ்த், அங்க ஏண்டா பாத்த?"

ஏகாம்பரம் மல்லாந்தபடி சிரித்துக்கொண்டிருந்தான். வயிறு குலுங்க, கண்ணில் தண்ணீர் வழிய. கரீமுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் பக்கத்தில் படுத்துக்கொண்டார்.

முனுசாமி என் தோளைத் தட்டினார். "இன்னா ஆச்சு? ஏன் ரெண்டு பேரும் படுத்துக்கினாங்க?"

"உங்க மகன் தோத்துட்டாருங்க."

"அவ்ளோதானா? முடிஞ்சுபோச்சா?"

"முடிஞ்சுபோச்சு."

"இதுக்காடா ஊர உட்டு ஓடன?" என்றார், மகனைப் பார்த்து. இப்போது குழலைச் சரியாகப் பிடித்து வாயில் வைத்தார். நான் தடுப்பதற்குள் கூவிவிட்டார். "அடுத்த வெள்ளிக்கெழமையும் வாங்கய்யா. எம்மவன் இன்னும் நல்லாப் புடிப்பான்."

அடுத்த வெள்ளிக்குக் கம்பெனி சேலத்தில் இருக்க வேண்டும். முதலாளி என் காதருகே குனிந்து, "சேலம் கெடக்கட்டும். அந்தாளு தங்க எடம் பாத்துக் குடு" என்றார். மறுநாள் ஜட்காவில் எனக்கு இடமில்லை. தப்பட்டைக்காரர் பக்கத்தில் முனுசாமி உட்கார்ந்து ஆம்பூர் வீதியெல்லாம் கூவினார். ஒரு மூச்சு குஸ்தி, ஒரு மூச்சு லுங்கி. இரண்டும் விற்றது.

அந்த வாரமே பத்திரிகை வந்தது. லாகூர் சிங்கம் கர்ஜித்துப் பாய்ந்ததும், ரங்கூன் புலி மண்ணைக் கவ்வியதும் அரைப் பத்தி. சத்திரத்தில் நான் உரக்கப் படித்தேன். கரீம் தன் தோல்வியைக் கேட்டு ரசித்துத் தொடையில் தட்டினார். முனுசாமிக்கு மட்டும் கோபம் வந்துவிட்டது.

"எவன் அந்த லாகூர்க்காரன்?"

"அப்படி ஒருத்தன் இல்லைங்க ஐயா. உங்க பிள்ளைதான் ஜெயிச்சதா அவங்க..."

"எம்புள்ள எங்க ஜெயிச்சான்? நான்தான் பாத்தேனே. ஊரு முழுக்கப் பாத்துச்சே. குடியாத்தம் முனுசாமி மவன் தோத்தான்னு எழுதச் சொல்லு."

"அச்சடிச்சாச்சே நைனா, போவட்டும் உடு" என்றான் ஏகாம்பரம்.

"ஏன் போவணும்? தோத்தது நம்ம ஊட்டு ஆளு. அத்த எவனோ வந்து ஜெயிச்சிட்டுப் போவானா?"

அவரைச் சமாதானப்படுத்த என்னால் முடியவில்லை. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

தம்பிகளே, இந்தக் கதை உங்களிடம் வந்துவிட்டது. ரயிலிலும் சத்திரத்திலும் இதை நீங்கள் யாருக்காவது சொல்வீர்கள், சொல்லத்தான் வேண்டும். நமக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும் போகட்டும். ஒரே ஒரு வேண்டுகோள். அண்மையில் வாணியம்பாடி ஸ்டேஷனில் ஒருவர் என்னிடமே இதைச் சொன்னார். அவர் சொன்னதில் அப்பா கூப்பிட்டதும் மகன் ஆவேசம் வந்து கரீமைத் தூக்கி எறிந்துவிட்டான். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நடந்தது அதுவல்ல. எத்தனை பேர் ஆசைப்பட்டாலும், எவ்வளவு பெரிய கூட்டம் கேட்டாலும், ஏகாம்பரத்தை ஜெயிக்க வைக்காதீர்கள். நான் எழுதியிருக்கிற மாதிரியே சொல்லுங்கள். அப்பாவைத் திரும்பிப் பார்த்தான், விழுந்தான், படுத்துக்கொண்டு சிரித்தான். அவ்வளவுதான்.